மஞ்சளாகும் போன்சாய் இலைகள்
வீட்டுக்குள் வளரும் ஃபைகஸ் போன்சாயின் இலைகள் மஞ்சளானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தண்ணீரைத்தான். பெரும்பாலும் குறைவல்ல, மிகுதியே காரணம். ஆழமில்லாத தொட்டியில் ஈரம் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது. வேர் அழுகும், இலை பழுக்கும். அழுகிய வேர் கறுத்திருக்கும், விரலில் குழையும், நாற்றமும் அடிக்கும். பாவம், அதுவரை ஊற்றியதெல்லாம் அன்பினால்தான். அந்த வேர்களை வெட்டிவிட்டு, நீர் நன்றாக வடியும் புதிய மண்கலவைக்கு மரத்தை மாற்ற வேண்டும். பிறகு மேல்மண் காய்ந்ததை விரலால் தொட்டுப் பார்த்தே, அடித்துளையில் வடியும்வரை தண்ணீர் விடலாம்.

நரம்புகள் பச்சையாக இருக்க, இளம் இலைகள் மட்டும் வெளிறினால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. இடம் மாற்றினாலும் ஃபைகஸ் இலை உதிர்க்கும்; வெளிச்சமான சன்னலோரத்தில் அசைக்காமல் வைத்தால் சில வாரங்களில் துளிர்விடும்.