படகின் அடியில் தேங்கும் நீர்



கடலில்லாத கொங்கு மண்ணில் வாழும் நமக்கும் பாய்மரப் படகுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சீடர்கள் புயலில் தத்தளித்த நாள் முதலே திருச்சபையின் அடையாளமாகப் படகு விளங்குகிறது.

இந்தியக் கடற்படையின் முன்னாள் அதிகாரி அபிலாஷ் டோமி, 2022 செப்டம்பர் 4 அன்று பிரான்சிலிருந்து தனியாளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டியில் புறப்பட்டார். 1988-க்கு முன் வடிவமைக்கப்பட்ட வகைப் படகுகளுக்கே அதில் அனுமதி. வழியில், காற்றின் துணையால் படகைத் திசை மாறாமல் செலுத்தும் கருவி பழுதானது. நடுக்கடலில் உதிரிப்பாகம் ஏது? கழிவறைக் கதவை அறுத்துப் பலகையாக்கிப் பொருத்தினார். 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாவதாகக் கரை சேர்ந்தார்.

பழைய படகு பெரும்பாலும் ஒரே நாளில் உடைவதில்லை. திருகாணி தளரும்; இணைப்பில் பூசிய பசை காய்ந்து வெடிக்கும்; சுக்கான் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு தேயும். சொட்டுச் சொட்டாக இறங்கிய நீர் அடியில் தேங்கும். அனுபவமுள்ள மாலுமி அந்த நீரில் ஒரு துளியை நாவில் வைத்துப் பார்ப்பார். உப்புக் கரித்தால் கடல்நீர். கரிக்காவிட்டால் மழைநீர் அல்லது படகின் குடிநீர்த் தொட்டியிலிருந்தே வரும் கசிவு. கசியும் இடத்தை அறியாமல் இறைத்துக்கொண்டே இருந்தால் கைதான் ஓயும், நீர் ஓயாது.

நம் குடும்பங்களும் இப்படித்தான். பேச்சு குறைகிறது, குடும்பச் செபம் நிற்கிறது, மன்னிப்புக் கேட்கும் பழக்கம் மறைகிறது. பிரிவதென்று முடிவெடுத்த பிறகே பலர் பங்குத்தந்தையைத் தேடி வருகிறார்கள். இறைத்து இறைத்துக் களைத்திருக்கிறார்கள். ஆனால் கசிவு எங்கே என்று பார்த்ததில்லை. வெளியிலிருந்து வந்த தொழில் நட்டமா, நோயா? அல்லது நமக்குள்ளேயே இருக்கும் குடியும் கோபமும் பிடிவாதமுமா? இவ்வாறு நேர்மையாகச் சுவைத்துப் பார்ப்பதையே ஆன்ம சோதனை என்கிறோம். அந்தக் கசிவை அடைக்க இறைவன் தந்த கொடை ஒப்புரவு அருட்சாதனம்.

எல்லாப் படகும் தப்புவதில்லை என்பதும் உண்மை. திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தில், பவுல் சென்ற கப்பலைக் கயிறுகளால் சுற்றிக் கட்டினார்கள்; சரக்கைக் கடலில் எறிந்தார்கள். இறுதியில் கப்பல் உடைந்தது. ஆனால் அதிலிருந்த 276 பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். கௌரவம் என்னும் சரக்கை எறிய மனமில்லாமல், உடன் பயணிக்கும் மனிதர்களை நாம் இழந்துவிடக் கூடாது.

இன்றிரவு உறங்கும் முன், நம் வீட்டுப் படகின் அடியை ஒருமுறை தொட்டுப் பார்ப்போம். இறையாசீர் நம் அனைவரோடும் இருப்பதாக!