முட்டைப் பந்தும் ஒடிசாச் சிறுவரும்

ஆனேக்கல் வட்டத்துத் தொழிற்பேட்டைகளில் தமிழரோடு ஒடியா இளைஞரும் தோளுரசிப் பணிபுரிகின்றனர். அந்நண்பரோடு அளவளாவ ஒரு செய்தி வேண்டுமாயின், நாம் இதனைத் தருவோம்.

2007-ஆம் ஆண்டு, புவனேசுவரத்திலுள்ள கலிங்க சமூக அறிவியல் நிறுவனத்தில் தங்கிப் பயின்ற பழங்குடிச் சிறுவர், 14 வயதுக்குட்பட்டோர்க்கான பன்னாட்டு ரக்பிப் போட்டிக்காக இலண்டன் சென்றனர். அவர்கள் அவ்வாட்டத்தைக் கற்கத் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன.

ரக்பி நமக்குப் பழக்கமற்றது. முட்டை வடிவப் பந்தை ஏந்தி ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் தரையில் ஊன்றினால் 5 புள்ளிகள். அதன்பின் கம்பங்களுக்கிடையே உதைத்துச் செலுத்தினால் மேலும் 2. ஆனால் கையால் பந்தை முன்னோக்கி எறிதல் ஆகாது. பக்கத்திலோ பின்னாலோ வருபவனுக்கே தரலாம். பந்தை ஏந்தியவனை எதிரணியினர் பிடித்து வீழ்த்துவர். (சடுகுடு ஆடியோர்க்கு இப்பிடி புதிதன்று.) ஆகவே எத்துணை விரைந்து ஓடுபவனாயினும், துணைக்கு ஒருவன் பின்தொடராவிடில் அவ்வோட்டம் வீணே.

இறுதியாட்டத்தில் அச்சிறுவர் தென்னாப்பிரிக்க அணியை 19-க்கு 5 என வென்றனர்.

வறிய பிள்ளைகட்குக் கடல் கடந்த ஆட்டம் எதற்கு என்பாரும் உளர். நாம் அவ்வாறு எண்ணோம். அவ்வெற்றிக்குப் பின்னர் அந்நிறுவனத்துப் பெண்களும் களம் புகுந்தனர். 2019-இல் இந்தியப் பெண்கள் அணி சிங்கப்பூரை 21-க்கு 19 என வென்று, 15 பேர் ஆட்டத்தில் தனது முதற் பன்னாட்டு வெற்றியைப் பெற்றபோது, வெற்றிப் புள்ளிகளை உதைத்துத் தந்தவர் அங்குப் பயின்ற சுமித்ரா நாயக்.