அழகுக் கிரீம்களில் பாதரசமும் பாதுகாப்பான தெரிவும்

தோலின் நிறத்தை விரைவில் வெளுக்கச் செய்வதற்காகச் சில முகப்பூச்சுக் கிரீம்களிலும் சோப்புகளிலும் பாதரசச் சேர்மங்கள் கலக்கப்படுகின்றன. இந்தியாவில் இது சட்டப்படி தடை செய்யப்பட்டது. ஆயினும் இத்தகைய பொருள்கள் நாட்டின் பல பகுதிகளில் கடைகளிலும் இணைய வழியிலும் விற்கப்பட்டு வந்துள்ளன. அழகுப் பொருளைத் தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும் உரிமமோ பதிவோ பெற்றிருக்க வேண்டும். விற்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எனவே ஒரு கிரீம் முகத்துக்குப் போகுமுன் நடக்கும் கடைசிச் சோதனை, பெரும்பாலும் வாங்குபவர் அதன் லேபிளைப் படிப்பது மட்டுமே.

வடசென்னையில் அழகுப் பொருள் விற்பனை

வியாசர்பாடி, வடசென்னையில் உழைக்கும் மக்கள் நெருக்கமாக வாழும் பகுதி. 1962-இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, அதைத் தொடர்ந்து கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக்கப்பட்டபோது, அங்கிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களில் பலர் இங்குக் குடியமர்ந்தனர். அவ்வாறு திரும்பியோரின் பிழைப்புக்காகச் சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்தின் எதிரே 1960-களின் இறுதியில் உருவானதே பர்மா பஜார். வாசனைத் திரவியம், முகப்பூச்சு உள்ளிட்ட வெளிநாட்டுப் பொருள்களுக்கு அது பெயர்பெற்றது.

துறைமுகம் அருகில் இருப்பதால் வடசென்னை மக்களுக்கு வெளிநாட்டு அழகுப் பொருள் புதிதன்று. இன்று ஃபேன்சி ஸ்டோர், பியூட்டி பார்லர், நடைபாதைக் கடை, கைப்பேசிச் செயலி எனப் பல வழிகளில் அது வீட்டை அடைகிறது. மருந்துக் கடை நடத்த உரிமமும் பதிவு பெற்ற மருந்தாளுநரும் வேண்டும். அழகுப் பொருள் விற்கும் கடைக்கு மருந்துச் சட்டத்தின்கீழ் அவ்வாறான விற்பனை உரிமம் தேவையில்லை. இதனால் எந்தெந்தக் கடையில் என்னென்ன கிரீம் விற்கப்படுகிறது என்பதற்கான பதிவேடு மருந்து ஆய்வாளரிடம் இருப்பதில்லை.

சட்டம் சொல்வது

இந்தியாவில் அழகுப் பொருள்கள் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டத்தின்கீழ் வருகின்றன. 2020 டிசம்பரில் இவற்றுக்கெனத் தனியாக அழகுப் பொருள்கள் விதிகள் அறிவிக்கப்பட்டன. உள்நாட்டில் தயாரிப்பவருக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உரிமம் வழங்குகிறது. இறக்குமதியாகும் பொருள், மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

விதிகள் சில வரம்புகளையும் வகுத்துள்ளன. கண் பகுதிக்கான பொருள்களில் பதப்படுத்தியாகச் சேரும் பாதரசம் பத்து லட்சத்தில் 70 பங்கைத் தாண்டக் கூடாது. மற்ற எல்லா அழகுப் பொருள்களிலும், தற்செயலாகக் கலந்துவிடும் பாதரசம்கூட பத்து லட்சத்தில் 1 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. சேர்க்கப்படும் நிறமிகளில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்கையும், ஆர்செனிக் 2 பங்கையும் மீறக் கூடாது. எந்த மூலப்பொருள்களைப் பயன்படுத்தலாம், எவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்ற பட்டியலை இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்டுள்ளது.

பன்னாட்டு அளவில் மினமாட்டா உடன்படிக்கை பாதரசத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஜப்பானின் மினமாட்டா நகரில் ஆலைக் கழிவால் பாதரச நஞ்சேறி மக்கள் பாதிக்கப்பட்டதன் நினைவாக இப்பெயர் அமைந்தது. 2013-இல் ஏற்கப்பட்ட இவ்வுடன்படிக்கை 2017-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-இல் இதை உறுதி செய்தது.

அழகுப் பொருள் சட்டத்தின் கடுமை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் இயற்றிய ஒழுங்குமுறை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களை அழகுப் பொருள்களில் தடை செய்கிறது. அமெரிக்காவில் 1938-இல் வந்த சட்டம் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமின்றி இருந்து, 2022-இன் இறுதியில்தான் விரிவாகத் திருத்தப்பட்டது.

பாதரசம் வேலை செய்யும் விதம்

தோலுக்கு நிறம் தருவது மெலனின். அது உருவாக டைரோசினேஸ் என்ற நொதி தேவை. அந்த நொதி செயல்படச் செம்பு தேவை. பாதரசம் செம்பின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் நொதி முடங்கி, மெலனின் உற்பத்தி குறைகிறது. சில நாள்களிலேயே முகம் வெளுத்ததுபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம். கிரீமை நிறுத்தினால் நிறம் திரும்பிவிடும் என்பதால் வாங்கியவர் மீண்டும் மீண்டும் வாங்குகிறார்.

பாதரசம் தோலின் மேற்பரப்போடு நிற்பதில்லை. தோல் வழியாக இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் சேர்கிறது. நரம்பு மண்டலத்தையும் பாதிக்கிறது. கைநடுக்கம், தூக்கமின்மை, எரிச்சல், மறதி, தோல் தடிப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். கிரீமிலிருந்து ஆவியாகும் பாதரசமும், துண்டு, தலையணை உறை வழியாகப் பரவும் பாதரசமும் அதே வீட்டில் வாழும் குழந்தைகளின் உடலிலும் சேரக்கூடும். அமெரிக்காவில் கிரீமைப் பயன்படுத்தாத குடும்பத்தினரிடமும் பாதரச அளவு உயர்ந்திருந்தது பதிவாகியுள்ளது.

பாதரசம் சேர்த்த வெளுப்புக் கிரீம்களில் 1 முதல் 10 விழுக்காடு வரை பாதரச அமோனியம் இருக்கக்கூடும் என உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. 1 விழுக்காடு பாதரசம் என்றால் பத்து லட்சத்தில் 10,000 பங்கு. அதாவது 20 கிராம் டப்பா ஒன்றில் 200 மில்லிகிராம். சட்டம் அனுமதிக்கும் 1 பங்கு அளவில் அதே டப்பாவில் இருக்கக்கூடியது 0.02 மில்லிகிராம் மட்டுமே.

கோட்டக்கல் நிகழ்வு

தமிழ்நாட்டுக்கு அருகே, கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் உள்ள கோட்டக்கல்லில் இந்த ஆபத்து மருத்துவ ஆய்வாகவே வெளிவந்தது. அங்குள்ள தனியார் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், சிறுநீரில் புரதம் கசியும் மெம்பிரேனஸ் நெஃப்ரோபதி என்ற நோய் வழக்கத்துக்கு மாறாகக் கூடுவதைக் கவனித்தனர். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை அவர்கள் ஆராய்ந்த 22 நோயாளிகளில் 15 பேருக்கு, நெல்-1 என்ற புரதத்தோடு தொடர்புடைய அரிய வகை நோய் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் பயன்படுத்தியவர்கள். கிரீமை நிறுத்தியபின் பெரும்பாலானோருக்கு நோய் தணிந்தது. இந்த ஆய்வு சிறுநீரகவியல் துறையின் முன்னணிப் பன்னாட்டு இதழ் ஒன்றில் வெளியானது. 2023-இல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் அழகுப் பொருள் கடைகளில் சோதனை நடத்தியது.

பெயர் தெரிந்த நிறுவனங்களின் பொருள் என்பதாலேயே பாதரசம் அறவே இராது என்று கொள்ள முடியாது. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த 32 முக வெளுப்புக் கிரீம்களில் 14-இல் பாதரசம் காணப்பட்டது. ஆனால் அங்கே காணப்பட்ட உச்ச அளவு பத்து லட்சத்தில் 2 பங்குக்கும் குறைவு. ஆயிரக்கணக்கான பங்குகள் கொண்ட, முகவரியற்ற கிரீம்களின் ஆபத்து இதனினும் பன்மடங்கு பெரியது.

ஸ்டீராய்டு கலந்த கிரீம்கள்

இரண்டாவது ஆபத்து, மருந்தை அழகுப் பொருளாகப் பயன்படுத்துவது. பீட்டாமெதசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் ஆகியவை தோல் நோய்க்கான ஸ்டீராய்டு மருந்துகள். இவற்றைப் பூசினால் தொடக்கத்தில் முகம் தெளிந்து வெளுக்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும். சிவந்த நுண்குழாய்கள் வெளியே தெரியும். பருவும் முகத்தில் முடியும் தோன்றும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும் என்பதால், பயன்படுத்துபவர் அதை விட முடியாமல் தொடர்கிறார். படர்தாமரைக்கு இதைப் பூசினால் அரிப்பு அடங்குவதுபோல் தோன்றி, பூஞ்சை மேலும் பரவும்.

2018-இல் மத்திய அரசு, தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத ‘ஹெச்’ அட்டவணையில் சேர்த்தது. இத்தகைய மருந்தின் உறையில் ‘ஆர்எக்ஸ்’ குறி இருக்கும். அக்குறி உள்ள குழாயைப் பிறர் சொன்னார்கள் என்று முகக் கிரீமாகப் பயன்படுத்துவது தவறு.

கண்மை, குங்குமம், தலைச்சாயம்

இயற்கைப் பொருள் என்ற சொல் பாதுகாப்புக்கு உறுதி ஆகாது. கண்ணுக்கு இடும் சுர்மா, மரபாகக் காரீய சல்பைடு கனிமத்தை அரைத்துச் செய்யப்படுவது. குழந்தையின் கண்ணில் இட்ட மை, கை வழியாக வாய்க்குச் செல்லும். ஈயம் மிகக் குறைந்த அளவிலேயே குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்யும் குங்குமத்தில் இந்தக் கேடு இல்லை. மலிவான செந்நிறத்துக்காக ஈயச் செந்தூரமோ சாதிலிங்கம் எனப்படும் பாதரச சல்பைடோ கலக்கும்போதுதான் அது நஞ்சாகிறது.

மருதாணி இலை தரும் நிறம் செம்பழுப்பு. சில நிமிடங்களில் கரிய நிறம் தரும் ‘கறுப்பு மருதாணி’யில் பெரும்பாலும் பாரா ஃபினைலின் டையமின் என்ற சாயப்பொருள் சேர்ந்திருக்கும். தலைச்சாயத்திலும் உள்ள இப்பொருள் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். இதனால்தான் இச்சாயம் சேர்ந்த தலைச்சாயப் பொதிகளில், முதலில் தோலில் சிறிதளவு பூசிச் சோதிக்க வேண்டும் என்றும், புருவத்துக்கோ இமைக்கோ பூசினால் பார்வை போகக்கூடும் என்றும் ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் அச்சிட வேண்டுமென விதி உள்ளது.

லேபிளில் பார்க்க வேண்டியவை

முறையாகத் தயாரிக்கப்பட்ட அழகுப் பொருளின் உறையில் பின்வருவன இருக்கும்:

1. பொருளின் பெயர், தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும்.
2. உள்நாட்டுப் பொருளாயின் உற்பத்தி உரிம எண்.
3. இறக்குமதிப் பொருளாயின் பதிவுச் சான்றிதழ் எண், இந்தியாவில் உள்ள இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும்.
4. தொகுதி எண், தயாரித்த நாள், பயன்படுத்தத்தக்க கடைசி நாள்.
5. சேர்மானப் பட்டியல். அதிக அளவில் உள்ளது முதலிலும் குறைந்தது பின்னும் வரும்.

மிகச் சிறிய பொதிகளில் சில விவரங்களைச் சுருக்கிக்கொள்ள விதிகள் இடம் தருகின்றன. ஆனால் தயாரித்தவர் யார் என்பதை மறைக்க இடமில்லை. பெயரும் முகவரியும் இல்லாத கிரீமை, விலை எதுவாயினும் ஒதுக்குவதே முதல் விதி.

சேர்மானப் பட்டியலில் மெர்க்குரி, கேலோமெல், மெர்க்குரஸ் குளோரைடு, அமோனியேட்டட் மெர்க்குரி ஆகிய பெயர்கள் இருந்தால் அதை வாங்கக் கூடாது. கலப்பவர் பலர் இப்பெயர்களை அச்சிடுவதே இல்லை என்பதால், பட்டியலில் இல்லை என்பது மட்டும் போதாது. ஒரே வாரத்தில் வெண்மை என்ற வாக்குறுதி, தங்கம், வெள்ளி போன்ற உலோகப் பொருள்களில் படாமல் பூசவும் என்ற எச்சரிக்கை, தெரியாத மொழியில் மட்டும் அச்சான உறை, பார்லரில் பெயரற்ற டப்பாவில் கலந்து தரும் கிரீம் ஆகியவை ஐயப்பட வேண்டிய அடையாளங்கள்.

ஐயம் ஏற்பட்டால்

ஐயத்துக்குரிய கிரீமை உடனே நிறுத்த வேண்டும். அதைக் கழுவிக் கொட்டாமல், இறுக மூடிப் பையில் இட்டு வைப்பது நல்லது. கால் வீக்கம், முகம் உப்புதல், சிறுநீரில் நுரை ஆகியவை தோன்றினால் சிறுநீர்ப் புரதச் சோதனை செய்துகொள்ள வேண்டும். மருத்துவரிடம் செல்லும்போது கிரீமின் டப்பாவையும் எடுத்துச் செல்வது காரணத்தை விரைவில் கண்டறிய உதவும். வியாசர்பாடி உள்ளிட்ட வடசென்னைப் பகுதிகளுக்கு அருகில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தோல், சிறுநீரகப் பிரிவுகள் இரண்டும் உள்ளன.

பொருளைப் பற்றி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் அளிக்கலாம். மருந்து ஆய்வாளர் கடையிலிருந்து மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப அதிகாரம் பெற்றவர். 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு பொதுமக்களுக்கும் ஓர் உரிமை தருகிறது. தாம் வாங்கிய அழகுப் பொருளை எவரும் உரிய கட்டணம் செலுத்தி அரசு பகுப்பாய்வாளரிடம் கொடுத்து, அவர் கையொப்பமிட்ட அறிக்கையைப் பெறலாம். அங்கீகாரம் பெற்ற நுகர்வோர் சங்கங்களுக்கும் இந்த உரிமை உண்டு. இதற்கு, பொருளை வாங்கியபோது பெற்ற ரசீதையும் உறையையும் பத்திரப்படுத்துவது உதவும்.