சித்தாள் ஏன் கொத்தனார் ஆவதில்லை?

ஸ்ரீமுஷ்ணத்தைச் சுற்றியுள்ள வயல்களில் கூலி இரண்டு வகை: ஆம்பளக் கூலி, பொம்பளக் கூலி. கரும்பு வெட்ட, வரப்புக் கழிக்க, மூட்டை தூக்க ஆண்கள். நடவுக்கும் களைக்கும் பெண்கள். ஆண் வேலை கடினமானது, அதனால் கூலி கூடுதல் என்பார்கள். நாளெல்லாம் சேற்றில் குனிந்தபடி நாற்று ஊன்றுவது, பெண் செய்கிறாள் என்பதாலேயே லேசான வேலை ஆகிவிட்டது.

சம ஊதியச் சட்டம் 1976லேயே வந்தது. அது கேட்டது ஒரே வேலைக்கும் ஒத்த வேலைக்கும் ஒரே கூலி. வேலையையே இரண்டாகப் பிரித்துவிட்ட இடத்தில் சட்டம் எதை எதோடு ஒப்பிடும்?

கட்டட வேலையில் இது இன்னும் கொடுமை. கையாளாகச் சேரும் பையன் சில வருஷத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிறான். பெண் இருபது வருஷம் கலவை சுமந்தாலும் சித்தாள்தான். கலவையின் பதம் அவருக்கு அத்துப்படி. கரண்டியைக் கையில் கொடுக்கத்தான் ஆளில்லை. பீங்கான் தொழிலுக்கென்றே அரசுக் கல்வி நிலையம் உள்ள பக்கத்து விருத்தாசலத்திலும், பட்டறைகளில் சூளை பெரும்பாலும் ஆண்கள் வசம். பிசிறு சீவுவதும் வண்ணம் பூசுவதும் பெண்கள் வசம்.

பெண் கூலி குறைவதற்கு இன்னொரு காரணம், போக்கிடம் இல்லாதது. உள்ளூர்க் கூலி கட்டுப்படியாகாவிட்டால் ஆண் திருப்பூருக்கோ கேரளாவுக்கோ பஸ் ஏறிவிடலாம். பிள்ளையும் மாடும் அடுப்பும் உள்ள பெண், ஊருக்குள் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இதற்குச் சாட்சி நூறு நாள் வேலை. 2006இல் தமிழ்நாட்டில் அது முதலில் வந்த ஆறு மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி; 2025-26இல் நாளுக்கு 336 ரூபாய். அளந்து பார்த்துக் குறைத்தார்கள், பணம் தாமதமானது. அப்படியும் தமிழ்நாட்டில் அந்த வேலைநாட்களில் பத்துக்கு எட்டுக்கு மேல் பெண்களுடையவையாக இருந்தன. ஆண்களுக்கு வெளியே அதைவிடக் கூடுதலாகக் கிடைத்தது, பெண்களுக்குக் கிடைக்கவில்லை. ஜனங்களைச் சோம்பேறியாக்கிய திட்டம் என்று ஏசியவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்திருக்க வேண்டும். போக்கிடம் ஒன்று வந்ததும் நடவுக் கூலியும் ஏறியது.

அது சிறு விவசாயியை நெருக்கியதும் உண்மை. நெல் விலை அந்த வேகத்தில் ஏறவில்லை. ஆள் கிடைக்காத வயல்களில் நடவு இயந்திரம் இறங்கியது, ஓட்டும் வேலையோ ஆண்களிடம் போனது. வேளாண் பொறியியல் துறை வாடகைக்கு விடும் இயந்திரங்களை ஓட்ட இந்த நடவுப் பெண்களையே முதலில் பழக்க வேண்டும். எந்த வயலில் எவ்வளவு இடைவெளி விட்டு நட வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.