இரைச்சலின் இருப்பிடம் தேடி…

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு மாணவி

வெள்ளொளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தினால் அது ஏழு நிறங்களாகப் பிரிவதை நாம் ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறோம். ஒன்றாகத் தோன்றும் ஒளிக்குள் பல அதிர்வெண்கள் கலந்திருப்பதை அந்தச் சிறு கண்ணாடித் துண்டு நமக்குக் காட்டிவிடுகிறது. வானொலி அலைகளும் ஒளியைப் போன்ற மின்காந்த அலைகளே. ஆனால் அவை நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நீங்கள் இப்பக்கத்தைப் படிக்கும் இந்நேரத்திலும் பண்பலை நிலையங்களின் பாடல்களும், கைப்பேசிகளின் பேச்சும், விமானிகளின் உரையாடலும் உங்களைச் சுற்றிச் சென்றுகொண்டிருக்கின்றன. இவற்றை அதிர்வெண் வாரியாகப் பிரித்துத் திரையில் வரைந்து காட்டும் கருவிக்கு ஸ்பெக்ட்ரம் அனலைசர் என்று பெயர். வானலைகளுக்கு அதுவே முப்பட்டகம் எனலாம்.

ஒரு காலத்தில் இக்கருவி பெரிய ஆய்வுக்கூடங்களில் மட்டுமே இருந்தது. மேசையை நிறைக்கும் அளவும் இலட்சக்கணக்கான ரூபாய் விலையும் கொண்டிருந்தது. 2020ஆம் ஆண்டில், நெதர்லாந்தைச் சேர்ந்த எரிக் காஸ்ஹூக் வடிவமைத்த 'டைனி எஸ்.ஏ.' என்ற கையடக்கக் கருவி வெளிவந்தது. உள்ளங்கையில் அடங்கும் இக்கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. மின்கலத்தில் இயங்குவதால் தெருவுக்கும் எடுத்துச் செல்லலாம். அதன் முதல் வடிவம் 0.1 முதல் 960 மெகா ஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளை இரண்டு உள்ளீடுகளின் வழியே அளக்கிறது. அமெச்சூர் வானொலி அன்பர்களுக்கு இது எவ்வாறு உதவுகிறது என்பதைக் காண்போம்.

இரைச்சலை ஏன் தேட வேண்டும்?

அமெச்சூர் வானொலி என்பது ஊதியம் கருதாமல், அறிவு வளர்ச்சிக்காகவும் சேவைக்காகவும் வானொலி நிலையம் நடத்துவதாகும். நம் நாட்டில் மத்திய அரசின் தேர்வில் தேறி உரிமம் பெற்றவர்களே ஒலிபரப்பலாம். இவர்களை 'ஹாம்' என்று அழைப்பர்.

புதுதில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி, 2004 டிசம்பரில் ஒரு குழுவினருடன் அந்தமானின் போர்ட் பிளேரில் அமெச்சூர் நிலையம் அமைத்திருந்தார். அம்மாதம் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியது. தொலைபேசித் தொடர்பு அற்றுப்போன அந்நேரத்தில், அவருடைய நிலையத்தின் வழியாகவே தீவுகளின் செய்திகள் வெளியுலகுக்கு வந்தன. உற்றார் உயிரோடு இருக்கின்றனரா என ஏங்கித் தவித்தவர்களுக்கு அக்குரலே ஆறுதலாயிற்று.

தோழியரே! அனுப்புபவர் எவ்வளவு திறமையுடன் அனுப்பினாலும், கேட்பவரின் பக்கத்தில் அமைதி இல்லையேல் பயனில்லை. தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரலை வீட்டிலிருக்கும் ஒரு மலிவான சார்ஜரே விழுங்கிவிடக்கூடும். ஆதலால் இரைச்சலைத் தேடிக் களைவதும் ஹாம்களின் கடமைகளுள் ஒன்றாயிற்று.

திரையைப் படிக்கும் முறை

கருவியின் திரை நாம் கணக்குப் பாடத்தில் வரையும் வரைபடம் போன்றதே. கிடைமட்ட அச்சில் அதிர்வெண்ணும் செங்குத்து அச்சில் அலையின் வலிமையும் குறிக்கப்படும். வலிமையை டி.பி.எம். என்ற அலகால் அளப்பர். 0 டி.பி.எம். என்பது ஒரு மில்லிவாட். 10 டெசிபல் குறைந்தால் வலிமை பத்தில் ஒரு பங்காகும். 20 குறைந்தால் நூற்றில் ஒரு பங்காகும். ஆகவே வரும் குரல் −110 ஆகவும் சார்ஜரின் இரைச்சல் −90 ஆகவும் இருந்தால், இரைச்சல் குரலைப் போல் நூறு மடங்கு வலியது என்று பொருள்.

முதலில் ஆன்டெனாவைப் பொருத்தி, 88 முதல் 108 மெகா ஹெர்ட்ஸ் வரை பார்க்கவேண்டும். நாம் நன்கறிந்த பண்பலை நிலையங்கள் தத்தம் இடங்களில் குன்றுகளைப் போல் எழுந்து நிற்கும். அறிந்ததைக் கொண்டு அறியாததைக் கற்பது எளிதன்றோ? பின்னர் நமக்கு வேண்டிய பகுதியைத் தொடக்கம், முடிவு என இரு எண்களால் குறித்துக்கொள்ளலாம். 40 மீட்டர் அலைவரிசையைக் காண 7.0 முதல் 7.2 வரை போதும்.

அடுத்தது, பிரித்தறியும் அகலம். இதை ஒரு சல்லடையின் கண் எனக் கொள்ளலாம். கண் சிறிதானால் நெருங்கி நிற்கும் அலைகள் தனித்தனியே தெரியும். திரையின் அடியிலுள்ள இரைச்சல் கோடும் தாழும். அகலம் பத்தில் ஒரு பங்கானால் அக்கோடு 10 டெசிபல் இறங்கும். ஆனால் ஒருமுறை வரைந்து முடிக்க அதிக நேரமாகும். எனவே விரைவாகத் தேட அகன்ற கண்ணும், நுணுகிப் பார்க்கச் சிறிய கண்ணும் வேண்டும்.

இரைச்சலின் முகங்கள்

ஒவ்வொரு இரைச்சலுக்கும் ஒரு முகம் உண்டு. பழைய அடாப்டர்களுக்குள் கனமான மின்மாற்றி இருந்தது. இக்காலச் சார்ஜர்களும் எல்.இ.டி. விளக்குகளும் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை நிறுத்தி நிறுத்திச் செலுத்துகின்றன. அந்த அதிர்வெண்ணின் ஒவ்வொரு மடங்கிலும் ஓர் அலை பிறக்கிறது. நல்ல சார்ஜருக்குள் இதைத் தடுக்கும் வடிகட்டி இருக்கும். மலிவானவற்றில் அதை விட்டுவிடுகிறார்கள். அவற்றின் கம்பியே ஆன்டெனாவாகி இரைச்சலைப் பரப்புகிறது. திரையில் இது சீப்பின் பற்களைப் போல் சம இடைவெளியில் தெரியும்.

மின்கம்பத்தில் இணைப்புத் தளர்ந்து பொறி பறந்தால் வேறு முகம் தோன்றும். அப்போது அதிர்வெண் அகலத்தைப் பூச்சியமாக்கி, ஒரே அதிர்வெண்ணில் கருவியை நிறுத்தி, காலத்தைக் கிடைமட்ட அச்சாக்க வேண்டும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்றுகள் கொண்டது. ஒவ்வொரு சுற்றிலும் மின்னழுத்தம் இருமுறை உச்சத்தைத் தொடுவதால், பொறியும் நொடிக்கு நூறு முறை எழும். திரையில் 10 மில்லி நொடிக்கு ஒருமுறை துடிப்புத் தெரிந்தால், மின் கம்பியின் மீது ஐயங்கொள்ளலாம்.

சில வேளைகளில் கருவியே நம்மை ஏமாற்றும். அருகில் வலிய நிலையம் இருந்தால், கருவிக்குள்ளேயே போலி அலைகள் பிறக்கும். உள்ளேயிருக்கும் வலிமை குறைப்பானை 10 டெசிபல் கூட்டிப் பார்த்தால் உண்மை வெளிப்படும். குறைத்த அளவைக் கருவி கணக்கிட்டுச் சரிசெய்துகொள்வதால், உண்மையான அலையின் உயரம் திரையில் மாறாது. போலி அலையோ சட்டென்று தாழ்ந்துவிடும்.

தேடும் வழி

தேடலைத் தொடங்கவேண்டிய இடம் நம் சொந்த வீடே. வானொலியை மின்கலத்தில் இயக்கிக்கொண்டு, பெரியவர் ஒருவரின் உதவியுடன் வீட்டின் மெயின் சுவிட்சை நிறுத்தவேண்டும். இரைச்சல் நின்றால் குற்றவாளி நம் வீட்டில்தான் இருக்கிறான்! ஒவ்வொரு பொருளாக மீண்டும் இயக்கினால் அகப்பட்டுவிடுவான்.

இரைச்சல் தொடர்ந்தால் வெளியே செல்லவேண்டும். இதற்குச் சிறிய வளைய ஆன்டெனா ஏற்றது. வளையத்தின் விளிம்பு இரைச்சலை நோக்கும்போது அலை வலிதாகத் தெரியும்; அதன் முகம் நோக்கும்போது மிகவும் மெலியும். வலிமையின் உச்சத்தைவிட மெலிவின் இடமே துல்லியமாகத் தெரியும். ஆனால் முன்பக்கமா, பின்பக்கமா என்பதை வளையம் சொல்லாது. எனவே இரண்டு இடங்களில் நின்று திசை பார்த்து, தெருவின் படத்தில் இரு கோடுகள் வரையவேண்டும். அவை வெட்டும் புள்ளியே இரைச்சலின் இருப்பிடம்! வடிவியல் தேர்வுக்கு மட்டும் உரியதன்று என்பது இங்கே விளங்குகிறது.

என் சித்தப்பா ஒரு ஹாம். சென்ற ஆண்டு அவருடைய வானொலியில் 7 மெகா ஹெர்ட்ஸ் அருகே அடிக்கடி பேரிரைச்சல் எழுந்தது. மெயின் சுவிட்சை நிறுத்தியும் அது நிற்கவில்லை. திரையில் 7.020, 7.085, 7.150 ஆகிய இடங்களில் மூன்று பற்கள் தெரிந்தன. இடைவெளி 65 கிலோ ஹெர்ட்ஸ். 65ஐ 108, 109, 110 ஆகியவற்றால் பெருக்கிப் பாருங்கள். அதே எண்கள் கிடைக்கும்! ஆகவே நொடிக்கு 65,000 முறை மின்சாரத்தை வெட்டும் ஏதோ ஒரு சிறு பெட்டியைத்தான் தேடவேண்டும் என்பது தெளிவாயிற்று. வளையத்துடன் தெருவில் நடந்தோம். கோடுகள் இரண்டும் பக்கத்து வீட்டு மாடியில் சந்தித்தன. அங்கே, தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் கருவிக்கு ஒரு சிறு அடாப்டர் இருந்தது. "இந்தச் சின்னப் பெட்டியா தம்பி உங்க ரேடியோவைக் கெடுக்குது?" என்று அவ்வீட்டுப் பெரியம்மா வியந்தார். அடாப்டரின் கம்பியை ஃபெரைட் வளையத்தில் பலமுறை சுற்றியதும் இரைச்சல் தணிந்தது. சித்தப்பா வேறொரு நல்ல அடாப்டர் வாங்கித் தந்ததும் பற்கள் மூன்றும் மறைந்தே போயின.

அறியாமல் நேரும் இடையூறு

இத்தகைய நிகழ்ச்சிகள் உலகெங்கும் நடக்கின்றன. 2004 அக்டோபரில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்திலுள்ள கார்வாலிஸ் நகரில், ஒரு கல்லூரி மாணவரின் வீட்டுக் கதவை மீட்புப் படையினர் தட்டினர். அவருடைய தொலைக்காட்சிப் பெட்டி 121.5 மெகா ஹெர்ட்ஸில் அலைகளை வெளிவிட்டுக்கொண்டிருந்தது. அது விமானங்களின் ஆபத்து அழைப்புக்குரிய அதிர்வெண். செயற்கைக்கோள் அதைக் கேட்டு, யாரோ ஆபத்தில் இருப்பதாக அறிவித்துவிட்டது!

வேல்ஸ் நாட்டின் அபெர்ஹோசன் என்ற சிற்றூரில் நடந்ததும் வியப்புக்குரியது. அங்கே நாள்தோறும் காலை 7 மணிக்கு இணைய இணைப்புத் தடைப்பட்டது. தொலைபேசிக் கம்பியில் வரும் இணைய இணைப்பும் உயர் அதிர்வெண் அலைகளையே பயன்படுத்துவதால், வானொலியைக் கெடுக்கும் இரைச்சல் அதையும் கெடுக்கும். கம்பிகளை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. 18 மாதங்களுக்குப் பின், ஓப்பன்ரீச் நிறுவனப் பொறியாளர்கள் அதிகாலை 6 மணிக்குக் கொட்டும் மழையில் ஸ்பெக்ட்ரம் அனலைசருடன் ஊரை வலம் வந்தனர். சரியாக 7 மணிக்குத் திரையில் இரைச்சல் பொங்கி எழுந்தது. அதைப் பின்பற்றிச் சென்றபோது, ஒரு வீட்டில் ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டி! அவ்வீட்டார் பெரிதும் வருந்தி, இனி அதை இயக்குவதில்லை என்றனர். இச்செய்தி 2020 செப்டம்பரில் வெளியானது. ஆனால் அவர்களுடைய பெயர் வெளியிடப்படவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் தீங்கு செய்யவேண்டும் என்று எவரும் எண்ணவில்லை. தம் வீட்டுப் பெட்டியால் பிறர் படும் தொல்லையை அவர்கள் அறிந்திருக்கவே இல்லை. ஆதலால் கருவியுடன் ஒருவர் வீட்டு வாசலுக்குச் செல்லும்போது பழிச்சொல்லை எடுத்துச் செல்லுதல் ஆகாது. திரையைக் காட்டி, விளக்கி, தீர்வுக்கும் உதவினால் அண்டை வீட்டாரின் நட்பும் வளரும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. ஒலிபரப்பும் கருவியை ஒருபோதும் நேரடியாக இணைக்கக்கூடாது. டைனி எஸ்.ஏ. தாங்குவது ஏறத்தாழ 10 மில்லிவாட் மட்டுமே. கையடக்க வானொலியின் 5 வாட் அதைப் போல் 500 மடங்கு! தக்க வலிமை குறைப்பான் இடையில் இருக்கவேண்டும்.

2. மின்கம்பத்தைத் தொடுதலும் தட்டுதலும் உயிருக்கே ஆபத்து. கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு மின்வாரியத்திடம் தெரிவிப்பதே முறை.

3. வானொலியின் காது இக்கருவியின் கண்ணைவிடக் கூரியது. திரையில் தெரியாத மெல்லிய ஒலியும் வானொலியில் கேட்கும். ஆகவே இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தவேண்டும்.

4. தேதி, நேரம், அதிர்வெண், வலிமை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவரவேண்டும். காலை 7 மணி என்ற ஒரு குறிப்பே அபெர்ஹோசனில் வழிகாட்டியது.

முடிவாக

அளவிடாமல் குறை கூறுவது எளிது. அதனால் எந்த இரைச்சலும் அடங்கியதில்லை. முதலில் நம் வீட்டை ஆராய்ந்து, பிறகு பொறுமையுடன் அளந்து தேடினால் காரணம் கட்டாயம் புலப்படும். நம் பள்ளித் தோழியருள் சிலரேனும் அமெச்சூர் வானொலித் தேர்வு எழுதி, பாரதி பிரசாத்தைப் போல் துன்பக் காலத்தில் பிறருக்குக் குரல் கொடுக்க முன்வரவேண்டும். அந்நாளில் எங்கிருந்தோ வரும் மெல்லிய குரலைத் தெளிவாகக் கேட்கும் அமைதியையும் நம் சுற்றுப்புறத்தில் உண்டாக்குவோமாக!