வீட்டிற்கேற்ற பெரிய தொலைக்காட்சிப் பெட்டி
(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)



வீட்டிற்குப் பெரிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்குவதைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், “இதில் எழுத என்ன இருக்கிறது? கடைக்குப் போனால் வாங்கி வந்துவிடலாமே” என்று என் வகுப்புத் தோழிகள் சிரித்தார்கள். நானும் முன்பு அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் இந்த ஒரு பொருளுக்காக எங்கள் வீட்டில் மூன்று வாரம் வாக்குவாதம் நடந்தது. அதில் நான் கற்றவற்றை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

எங்கள் வீடு கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. அப்பா சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். ஆயாவுக்கு எழுபத்தாறு வயது. கண்புரை அறுவை முன்பே ஆகிவிட்டது. ஆனாலும் சென்ற ஆண்டு முதல் எதைப் பார்த்தாலும் நடுவில் புகை படிந்தாற்போல் இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது, இருக்கிற பார்வையைக் காப்பாற்றிக் கொள்ளலாம், போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்று மருத்துவர் கூறிவிட்டார். ஆயாவால் செய்தித்தாள் படிக்க முடியவில்லை. தெருவில் போகிறவர்களை முகம் பார்த்து அடையாளம் சொல்ல முடியவில்லை. மீதி இருந்த ஒரே பொழுதுபோக்கு தொலைக்காட்சிதான். அதுவும் எங்களிடம் இருந்தது 24 அங்குலப் பெட்டி. அதற்கு மிக அருகில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து விடுவார். பின்னால் இருக்கும் எங்களுக்கு ஆயாவின் கொண்டை மட்டுமே தெரியும்.

இந்த நிலையில்தான் அப்பா ஒரு நாள் மகிழ்ச்சியோடு வந்தார். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும் ஓர் அதிகாரி, தம் வீட்டிலிருந்த 50 அங்குலப் பிளாஸ்மா தொலைக்காட்சியை 7 ஆயிரம் ரூபாய்க்குக் கொடுக்கத் தயாராக இருக்கிறாராம். தீபாவளி போனஸில் 25 ஆயிரம் ஒதுக்கி வைத்திருந்தோம். 7 ஆயிரத்தில் வேலை முடிந்தால், மீதியை என் மேல்நிலை வகுப்புச் செலவுக்கு வைத்துக் கொள்ளலாம் என்பது அம்மாவின் கணக்கு. “நீதான் சயின்ஸ்ல நல்ல மார்க் வாங்குறியே பாப்பா, நீயே விசாரிச்சுச் சொல்லு” என்று அப்பா என்னிடம் பொறுப்பை ஒப்படைத்தார். இப்படி ஒரு பொறுப்பு எனக்கு வந்தது இதுவே முதல் தடவை.

முதலில் பிளாஸ்மா என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா? எங்கள் அறிவியல் சிஸ்டரிடம் போய்க் கேட்டேன். வகுப்பறைக் கூரையிலிருந்த குழல் விளக்கைக் காட்டினார்கள். குழல் விளக்கினுள் பாதரச ஆவி இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வெளியிடுகிறது. அந்தக் கதிர் குழலின் உட்புறம் பூசப்பட்டுள்ள வெண்பொடியின் மீது பட்டு, நாம் காணும் ஒளியாக மாறுகிறது. பிளாஸ்மா திரையும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. இரண்டு கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே லட்சக்கணக்கான நுண்ணறைகள். அவற்றினுள் நியான், செனான் வாயுக்கள். ஒவ்வோர் அறையிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு நிறப் பொடி பூசப்பட்டிருக்கும். எந்த அறைக்கு மின்துடிப்பு போகிறதோ அது ஒளிரும். அந்த அதிகாரியின் பெட்டியில் குறுக்கே 1366 புள்ளிகளும் நெடுக்கே 768 புள்ளிகளும் இருந்தன. ஒரு புள்ளிக்கு மூன்று அறை வீதம் பெருக்கிப் பார்த்தால் 31 லட்சத்துக்கும் மேலே வருகிறது. ஒரு சுவரில் 31 லட்சம் குட்டிக் குழல் விளக்குகள்!

இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. இந்தத் திரை முதலில் படம் பார்ப்பதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. 1964ஆம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ என்ற இரு பேராசிரியர்களும் ராபர்ட் வில்சன் என்ற மாணவரும் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். ‘பிளேட்டோ’ என்ற கணினி வழியாக மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காகவே அவர்களுக்கு அந்தத் திரை தேவைப்பட்டது. வெகுகாலம் அது ஆரஞ்சு நிறத்தில் மட்டுமே ஒளிர்ந்தது. 1990களில்தான் 42 அங்குல வண்ணத் திரையாக விற்பனைக்கு வந்தது.

அதுவரை இருந்த பழைய குழாய்ப் பெட்டியில், பின்புறத்திலிருந்து எலெக்ட்ரான் கற்றையைத் திரை முழுவதும் வீச வேண்டும். திரை அகலமானால் பெட்டியும் ஆழமாக வேண்டும், கனமாக வேண்டும். 1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய பிறகு, நம் மாநிலத்தில் டயனோரா, சாலிடேர் என்று விற்ற பெட்டிகளெல்லாம் அப்படிப்பட்டவையே. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்கப் பக்கத்து வீட்டுத் திண்ணை நிறைந்துவிடும் என்று ஆயா சொல்லுவார். 2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த 14 அங்குலப் பெட்டியும் அந்த வகைதான். அது இன்னும் பரண்மேல் இருக்கிறது. தூக்கிப் போட ஆயா விடவில்லை.

பிளாஸ்மாவுக்கு உண்மையான சிறப்புகள் உண்டு. கருமை நல்ல கருமையாகத் தெரியும். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. வேகமாக ஓடும் காட்சியும் கலங்காது. அப்படியானால் ஏன் கடைகளில் இல்லை? மின்சாரம் அதிகம் தின்றது; எடை அதிகம்; எல்.சி.டி. திரைகள் ஆண்டுக்காண்டு மலிவாகி வந்தன. பானசோனிக் 2013 டிசம்பரில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. சாம்சங், எல்.ஜி. ஆகியவை 2014இல் நிறுத்தின. ஆகவே இன்று ஒருவர் பிளாஸ்மா விற்கிறார் என்றால் அது பத்து வயதைத் தாண்டியதாகவே இருக்கும். பழுதானால் புதிய உதிரி பாகத்துக்கு எங்கே போவது?

ஒரு ஞாயிறு மாலை அந்த வீட்டுக்கே போய்ப் பார்த்தோம். நல்ல மனிதர்கள், காபி கொடுத்தார்கள். படம் அழகாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் சிஸ்டர் சொல்லியிருந்தபடி, கைப்பேசியிலிருந்து வெறும் வெள்ளைத் திரை ஒன்றைப் போட்டுக் காட்டச் சொன்னேன். மேல் மூலையில் ஒரு செய்தி அலைவரிசையின் சின்னம், பழைய சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றினால் தெரியுமே, அதுபோலத் தழும்பாகத் தெரிந்தது. ஒரே இடத்தில் ஒரே உருவம் பல ஆண்டுகள் ஒளிர்ந்தால், அவ்விடத்துப் பொடி மற்ற இடங்களைவிட அதிகமாகத் தேய்ந்துவிடும். அந்தத் தழும்பு பிறகு போகாது. அப்பா ஒன்றும் பேசவில்லை. பெட்டியைச் சற்றே தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மின்கணக்குப் போட்டேன். அதன் முதுகில் 400 வாட் என்று எழுதியிருந்தது. அது உச்ச அளவு. வெளிச்சமான காட்சிக்கு அதிகமும் இருண்ட காட்சிக்குக் குறைவுமாகச் செலவாகும் என்பதால் சராசரியாக 300 என்று வைத்துக்கொண்டேன். நாளுக்கு 6 மணி நேரம் ஓடினால் 1.8 யூனிட். இரண்டு மாதத்துக்கு 108 யூனிட். புதிய 43 அங்குல எல்.இ.டி. பெட்டி ஒன்றில் 90 வாட் என்று போட்டிருந்தது. அதற்கு 32 யூனிட்தான். கோடையில் எங்கள் இரண்டு மாதக் கணக்கு 430 யூனிட் வரை வரும். அப்போது நம் மாநிலத்தில் முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தாலும், மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் கூடுதல் விகிதம் வந்துவிட்டது. பழைய சிறு பெட்டியின் செலவைக் கழித்துப் பார்த்தாலும், பிளாஸ்மா எங்களை 500க்கு அப்பால் தள்ளிவிடும். அம்மா இந்தக் கணக்கை இரண்டு தடவை சரிபார்த்தார்.

இனி அளவைப் பற்றி. 43, 50, 55 என்று சொல்வதெல்லாம் திரையின் மூலைவிட்டம். இங்கே நம் பிதாகரஸ் தேற்றம் உதவிக்கு வருகிறது (தேர்வுக்கு மட்டுந்தான் அது என்று நினைத்திருந்தேன்). அகலமும் உயரமும் 16க்கு 9 என்ற விகிதம். 16இன் வர்க்கம் 256, 9இன் வர்க்கம் 81, கூட்டினால் 337, வர்க்கமூலம் ஏறக்குறைய 18.36. ஆகவே 55 அங்குலப் பெட்டியின் அகலம் 48 அங்குலம், உயரம் 27. அதாவது நான்கு அடிக்கு இரண்டே கால் அடி. 43 அங்குலத்துக்கு அகலம் 37½, உயரம் 21. பரப்பைக் கணக்கிட்டால் 55 என்பது 43ஐவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் பெரியது. பரண்மேல் இருக்கும் 14 அங்குலப் பெட்டியைவிட 43 எட்டு மடங்கு பெரியது! இந்த அளவுகளில் செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டிப் பார்த்தோம். கடையில் சிறிதாகத் தெரிகிற 55, எங்கள் கூடத்துச் சுவரில் அலமாரிக் கதவைத் திறக்கவே விடவில்லை.

ஆனால் ஆயாவுக்கு எது போதும்? அங்கேதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. பழைய 24 அங்குலப் பெட்டியை ஓடவிட்டு, ஆயாவின் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். “இப்போ யார் முகம் தெரியுது ஆயா?” என்று கேட்டுக்கொண்டே வந்தேன். மூன்றடி தூரத்தில் நடிகர் யாரென்று சரியாகச் சொன்னார். அதற்கு மேல் போனால், “குரலை வெச்சுத்தான்மா சொல்றேன்” என்று ஒப்புக்கொண்டார். 24ஐ மூன்றால் வகுத்தால் எட்டு. அதாவது ஓரடி தூரத்துக்கு எட்டு அங்குலத் திரை வேண்டும். ஆயாவின் கட்டில் சுவரிலிருந்து எட்டடியில் இருக்கிறது. அங்கிருந்து பார்க்க 64 அங்குலம் தேவை! அந்த 50 அங்குலப் பிளாஸ்மாவை இலவசமாகக் கொடுத்திருந்தாலும், கட்டிலிலிருந்து ஆயாவுக்கு முகம் தெரிந்திருக்காது. அதே சமயம், 43ஐ எட்டால் வகுத்தால் ஐந்தடிக்குச் சற்று அதிகம். ஐந்தடியில் ஒரு நாற்காலி போட்டால் முடிந்தது விஷயம். தூரத்தைப் பாதியாக்குவதும் திரையை இரட்டிப்பாக்குவதும் கண்ணுக்கு ஒன்றுதான். இதற்குப் பணம் வேண்டியதில்லை. கிட்டே உட்கார்ந்தால் கண் கெடும் என்று அம்மா பயந்தார். மருத்துவரிடம் கேட்டோம், ஆயாவின் கண்ணுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை, வெளிச்சமும் தெளிவும் நன்றாக இருந்தால் போதும் என்றார்.

கடையில் கவனிக்க வேண்டியவை சில. அங்கே பெட்டிகளைக் கண் கூசும் பிரகாசத்தில், கிளியும் அருவியும் ஓடும் விசேஷப் படம் போட்டு வைத்திருப்பார்கள். நாம் வீட்டில் கிளி பார்க்கப் போவதில்லை. சாதாரண கேபிள் அலைவரிசையை, அதிலும் ஒரு பழைய எம்.ஜி.ஆர். படத்தை, போடச் சொல்லுங்கள். 4கே பெட்டியில் 83 லட்சம் புள்ளிகள் இருந்தாலும், வருகிற படம் பழையதாக இருந்தால் பெட்டி புதிதாக எதையும் சேர்த்துவிட முடியாது. பெரிதாக்கப்பட்ட மங்கல்தான் கிடைக்கும். எல்.இ.டி. என்பதும் க்யூ.எல்.இ.டி. என்பதும் பின்னாலிருந்து வெளிச்சம் போடும் எல்.சி.டி. திரைகளே. ஓ.எல்.இ.டி. ஒன்றுதான் பிளாஸ்மாவைப் போலப் புள்ளிக்குப் புள்ளி தானே ஒளிர்வது. விலையைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டோம். எல்.சி.டி.யில் சில பெட்டிகள் பக்கவாட்டில் நின்று பார்த்தால் வெளுத்துப் போகின்றன. ஆயாவின் நாற்காலி ஓரமாக வரப்போவதால், நான் ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். விற்பனையாளர் அண்ணா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஒலியையும் கேட்டுப் பாருங்கள். மெல்லிய பெட்டிகளில் ஒலிபெருக்கி கீழேயோ பின்னாலேயோ ஒளிந்திருப்பதால் பேச்சு தெளிவாக இராது. இந்த விஷயத்தில் பரண்மேல் இருக்கும் கிழவியே மேல்.

விலையில் ஒரு நன்மையும் கிடைத்தது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. 43 அங்குலப் பெட்டி 24 ஆயிரத்துக்குள் வந்தது. என் செலவுக்கென்று அம்மா நினைத்த பணம் மிஞ்சவில்லை. அதை அப்பா வேறு வழியில் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்கு அது சற்று உறுத்தலாகத்தான் இருக்கிறது.

ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினால் திரையில் ஜன்னல்தான் தெரியும் என்பதால் பக்கச் சுவரில், உட்கார்ந்திருப்பவர் தலை மறைக்காத உயரத்தில் மாட்டினோம். எங்கள் தெருவில் மாலையில் மின்னழுத்தம் ஏறி இறங்கும். ஒரு ஸ்டெபிலைசரும் வைத்தோம்.

இப்போது ஐந்தடியில் ஆயாவின் நாற்காலி நிரந்தரமாக இருக்கிறது. சமையலறைக்குப் போக அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும் என்று அம்மா முணுமுணுக்கிறார். செய்தி வாசிக்கும் அம்மையார் என்ன நிறத்தில் புடவை கட்டியிருக்கிறார் என்று ஆயா தினமும் எங்களுக்கு அறிவிக்கிறார். ஸ்ரீஹரிகோட்டா எங்களுக்கு வடக்கே கடலோரத்தில்தான் இருக்கிறது. ராக்கெட் கிளம்பும் நாட்களில் நான் மொட்டை மாடிக்கு ஓடுவேன். ஆயா கீழே பெட்டியில் பார்ப்பார். பெட்டியில் சில வினாடிகள் தாமதமாகும். நான் மேலிருந்து “போயிடுச்சு ஆயா!” என்று கத்துவேன். “இரும்மா, எனக்கு இன்னும் எண்ணிக்கிட்டே இருக்காங்க” என்று கீழேயிருந்து பதில் வரும்.