மரத்துக்குள் எவ்வளவு ஈரம்?

தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரம். பச்சை மரத்தைக் குடைந்து வீணை செய்தால், ஈரம் வற்றும்போது குடம் வெடிக்கும், ஒட்டு விடும். அதனால்தான் ஆசாரிகள் மரத்தைக் காயவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள்.

மரத்தில் நீர் இரண்டு இடங்களில் இருக்கிறது: செல்லின் உட்குழியில், செல் சுவரில். முதலில் போவது குழி நீர். அப்போது எடை மட்டுமே குறையும். ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, சுவர் நீர் வற்றும்போதுதான் மரம் சுருங்கும், முறுக்கும், விரிசல் விடும்.

அளக்கும் வழிகள்

தராசு: 150 கிராம் துண்டு ஒன்றை 103 டிகிரி செல்சியஸ் சூட்டில், எடை இனிக் குறையாது என்னும்வரை உலர்த்துகிறோம். மிஞ்சுவது 120 கிராம். போன நீர் 30 கிராம். அதை உலர்ந்த எடையான 120ஆல் வகுத்தால், ஈரம் 25 சதவீதம்.

ஊசி மீட்டர்: இரண்டு ஊசிகளைப் பலகையில் குத்தினால், அவற்றுக்கிடையே உள்ள மின்தடையைக் காட்டும். ஈரம் ஏற ஏற மின்தடை குறையும்.

பலகையின் முனை முந்திக் காயும். அங்கே அளந்தால் ஏமாந்துபோவோம். நடுப்பகுதியில் குத்திப் பாருங்கள். மரத்தின் உண்மை நிலை அங்கேதான் தெரியும்.